குந்தா மலைப்பாதையில் கொழுந்து ஏற்றும் ஜீப்: தட்டும் இழுப்பறையும் அமைக்கும் முறை

நீலகிரி மாவட்டம் குந்தா வட்டத்தில் சிறு தேயிலை விவசாயியின் வீட்டு வாசலில் நிற்கும் ஜீப் ஒரே வேலைக்கென்று வாங்கிய வண்டி அன்று. காலையில் கவ்வாத்துக் கத்தியும் தெளிப்பானும் அதில் ஏறுகின்றன. உர மூட்டை வந்த நாளில் உரம் ஏறுகிறது. மாலையில் பறித்த கொழுந்து ஏறித் தொழிற்சாலைக்குப் போகிறது. இடையில் மஞ்சூர் சந்தைச் சாமான், மண்ணெண்ணெய் டப்பா, சங்கிலி, ஜாக்கி என்று கண்டதெல்லாம் அதே பின்தளத்தில் கிடக்கின்றன. இப்படி எல்லாவற்றையும் ஒரே தரையில் போட்டு ஓட்டுவதால் விவசாயிக்கு எவ்வளவு நட்டம் என்பதைப் பலரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஜீப்பில் நாளொன்றுக்கு 200 கிலோ கொழுந்து அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கொழுந்து நசுங்கிச் சிவந்துவிட்டது என்று எடை போடும் இடத்தில் கிலோவுக்கு 1 ரூபாய் குறைத்தால், மாதத்தில் 20 நாள் அனுப்பும்போது 4,000 ரூபாய் போகிறது. உரத்தைக் கூட்டியோ மருந்து அடித்தோ இந்தப் பணத்தைத் திரும்பப் பெற முடியாது. தோட்டத்தில் நன்றாக இருந்த கொழுந்து பாதையில் கெட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி, வண்டியின் பின்தளத்தில் கீழே கருவிகளுக்கு இழுப்பறையும் அதற்கு மேலே கொழுந்துக்குக் காற்றோட்டமான சட்டத் தட்டும் அமைப்பது. ஆஸ்திரேலியாவில் நெடுந்தூரம் மேய்ச்சல் நிலங்களில் திரியும் பண்ணைக்காரர்களும் குழாய் வேலைக்காரர்களும் தங்கள் நான்கு சக்கர உந்து வண்டிகளில் இத்தகைய டிராயர்களைப் பொருத்திக்கொள்வது வழக்கம். அங்கே கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் இரட்டை இழுப்பறை 50 முதல் 90 கிலோ வரை எடையுள்ளது. அதை அப்படியே நகல் எடுப்பது நமது மலைக்குப் பொருந்தாது. அவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் சமவெளி. இங்கே ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாய்கிறது. மேலும் அவர்கள் கருவி மட்டுமே ஏற்றுகிறார்கள். நாம் ஏற்றுவதோ உயிருள்ள இலை.

கொழுந்து ஏன் சிவக்கிறது?

பறித்த கொழுந்தில் 100க்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர் உள்ளது. செடியிலிருந்து பிரிந்த பின்னும் அது சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. சுவாசிக்கும்போது இலையிலுள்ள சர்க்கரை எரிந்து வெப்பம் உண்டாகிறது. கொழுந்து தளர்வாகக் கிடந்தால் இவ்வெப்பம் காற்றோடு போய்விடும். சாக்கில் காலால் மிதித்து அமுக்கினால் போக வழியின்றி உள்ளேயே தங்கும். சாக்கின் நடுவில் கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியும். 'குந்தாவில்தான் குளிராயிற்றே, கொழுந்து எப்படிச் சூடாகும்?' என்று கேட்போர் உண்டு. வெளியில் மூடுபனி இருந்தாலும் அமுக்கிய சாக்கின் நடுப்பகுதிக்கு அந்தக் குளிர் எட்டாது.

சூடு 35 முதல் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது இலையின் உயிரணுக்கள் சிதைகின்றன. தொழிற்சாலையில் அரைத்த பிறகு, அளவோடு, நேரம் பார்த்து நடக்க வேண்டிய நிறமாற்றம் சாக்குக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. மூட்டையின் மேல் மூட்டை அடுக்குவதாலும், அதன் மேல் ஆள் உட்காருவதாலும், மண்வெட்டியின் முனை குத்துவதாலும் இலை நசுங்கினால் சூடு இல்லாமலே இதே கேடு நிகழும். இப்படிச் சிவந்த இலையைச் சரியாக வாடப்போடவும் முடியாது. அதிலிருந்து நல்ல தூளும் வராது. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய 4 முதல் 4½ கிலோ பச்சை இலை தேவைப்படுகிறது என்பதை எண்ணினால், தொழிற்சாலைக்காரர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது விளங்கும்.

இன்னொன்று வாசனை. தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும் பொருள். அடுக்களையில் தேயிலை டப்பாவை மிளகாய்த்தூள் பக்கத்தில் வைக்காத குடும்பத்தலைவி, ஜீப்பில் கொழுந்துச் சாக்கை டீசல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பதைப் பார்த்தால் என்ன சொல்வார்? வாசனையாவது மூக்குக்குத் தெரியும். கொப்புள நோய்க்கும் சிவப்புச் சிலந்திக்கும் அடித்த மருந்தின் கசிவு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமலே இலையில் ஏறிவிடுகிறது. தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு எந்த மருந்தைத் தேயிலைக்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்துள்ளது. அந்த விதியை வரி பிசகாமல் பின்பற்றித் தோட்டத்தில் மருந்து அடித்த விவசாயியின் இலைகூட, வண்டித் தரையில் கொட்டிக் கிடந்த வேறொரு பயிரின் மருந்தால் சோதனையில் தவறலாம். குந்தாப் பகுதியில் தேயிலையோடு உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு பயிரிடுவோரும் பலர். காய்கறிக்கு அடிக்கும் மருந்து வேறு. ஒரு ஜீப்பின் இலையால் தொழிற்சாலையில் பல விவசாயிகளின் இலையும் சேர்ந்து பாழாகும் என்பதால் இது தனி ஒருவரின் நட்டத்தோடு நிற்பதில்லை. 1962இல் குந்தாவில் நீலகிரியின் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கிய காலந்தொட்டு, பல சிறு விவசாயிகளின் இலை ஒரே தொட்டியில் விழுவதுதான் இங்குள்ள முறை. தனியார் கொள்முதல் தொழிற்சாலைகளிலும் இதேதான்.

எந்த வண்டிக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

இழுப்பறை எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. நாள் முழுதும் ஊர் ஊராகக் கொழுந்து சேகரித்து ஏற்றும் பிக்கப் வண்டிக்கு இழுப்பறை வீண். அங்கே அடியில் 10 அங்குல உயரத்தை இழந்தால் ஒரு வரிசைக் கொழுந்தை இழந்ததாகும். அத்தகைய வண்டிக்கு இரண்டு அல்லது மூன்று அடுக்குச் சட்டத் தட்டு மட்டும் போதும். தோட்ட வேலை, வீட்டு வேலை, கொழுந்து என்று எல்லாவற்றுக்கும் ஒரே வண்டியை நம்பியிருக்கும் விவசாயிக்குத்தான் இழுப்பறை பயன்படும். பழைய மகிந்திரா ஜீப், பொலிரோ கேம்பர், ஜிப்சி போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை.

பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இழுப்பறை வைக்க நினைப்போர் முதலில் பதிவுச் சான்றை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் எத்தனை பேர் உட்காரும் வண்டி என்று எழுதியிருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே உதகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குதல் நலம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விபத்து நேர்ந்த பின் அனுமதியில்லாத திருத்தத்தைக் காட்டி இழப்பீட்டை மறுத்தால் விவசாயியால் வழக்காடிக்கொண்டிருக்க முடியாது. உடலோடு பற்றவைக்காமல், போல்ட்டைக் கழற்றினால் முழுவதும் வெளியே வந்துவிடும்படி அமைப்பதே எல்லா வகையிலும் பாதுகாப்பானது. தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் இதன் அருமை தெரியும்.

எடைக் கணக்கு

வண்டியின் சுமைத் திறனில் இழுப்பறையின் எடையும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 4 அடி நீளம், 3 அடி அகலம், 10 அங்குல உயரத்தில் இரண்டு இழுப்பறைகள் கொண்ட சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்பு ஆங்கிள் மீட்டருக்கு 1.1 கிலோ எடையுள்ளது. இச்சட்டத்துக்குச் சுமார் 17 மீட்டர் வேண்டும். அது 19 கிலோ. இழுப்பறைப் பெட்டிகளுக்கு 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடியில் ஒன்று போதும். கழிவு போக அது 18 கிலோ. மேல்தட்டுச் சட்டங்கள், தகரம், பேரிங், தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 55 கிலோ வரும். ஓர் ஆளின் எடை. எனவே அன்றைக்கு ஓர் ஆளைக் குறைத்தே கொழுந்து ஏற்ற வேண்டும். இதைவிடத் தடித்த ஆங்கிளைப் போட்டு 'கெட்டியாக' அமைப்பதாகப் பட்டறைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இவ்வளவு சிறிய சட்டத்துக்கு 3 மில்லிமீட்டரே தாராளம்.

எடை எங்கே உட்காருகிறது என்பது எவ்வளவு எடை என்பதைவிட முக்கியம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 8 அடி இடைவெளியுள்ள வண்டியில், பின் அச்சுக்கு 2 அடி பின்னால் 100 கிலோ வைத்தால் பின் அச்சின் மேல் 125 கிலோ ஏறும்; முன் அச்சிலிருந்து 25 கிலோ குறையும். தராசுத் தட்டைப் போன்றதுதான் இது. ஏற்றத்தில் ஏறும்போது ஏற்கெனவே முன் சக்கரம் இலேசாகியிருக்கும். ஈரமான கொண்டை ஊசி வளைவில் திசை திருப்பும் சக்கரம் தரையை இறுகப் பற்றாவிட்டால் வண்டி வளையாமல் நேரே போகும். மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடை செல்லும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆகவே ஜாக்கி, சங்கிலி, கடப்பாரை போன்ற கனமான சாமான்களை இழுப்பறையின் உட்புறக் கோடியில், அதாவது ஓட்டுநர் இருக்கைப் பக்கம் வைத்து, வெளிப்பக்கம் கயிறு, வலைப்பை, எடைத்தராசு போன்ற இலேசானவற்றை வைத்தல் வேண்டும். கூரைமேல் மூட்டை கட்டுவதை அடியோடு விட்டுவிடுவது நல்லது. சரிவான பாதையில் உயரத்தில் ஏற்றிய எடையே வண்டியைப் புரட்டுகிறது.

சட்டம் அமைத்தல்

பழைய வண்டியின் உடல் சதுரமாக இருக்கும் என்று நம்பக் கூடாது. இரு பக்கச் சக்கரப் பெட்டிகளுக்கு இடையேயுள்ள அகலத்தை முன், நடு, பின் ஆகிய மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்த அளவிலிருந்து 1 அங்குலம் கழித்துச் சட்டத்தின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும். பின்கதவு திறக்கும் வாயின் அளவையும் அளக்க மறக்கலாகாது. உள்ளே சரியாக உட்காரும் சட்டம் வாயில் நுழையாமல் போவது பட்டறைகளில் நடக்கும் கதை. சட்டத்தை வண்டிக்கு வெளியே வைத்தே பற்றவைக்க வேண்டும்.

மரத்தைப் பொறுத்தவரை, குந்தாவின் மூடுபனியும் மழையும் சாதாரண ஒட்டுப்பலகையை இரண்டு பருவத்தில் உரித்துவிடும். இந்தியத் தர எண் 710 முத்திரையுள்ள கடல்தரப் பலகை விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்க வேண்டும். வெட்டிய விளிம்புகளில் இரண்டு கை வர்ணம் பூசாவிட்டால் அந்தப் பலகையும் விளிம்பு வழியே தண்ணீர் குடிக்கும். மேல்தட்டுச் சட்டங்களுக்குத் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக் பலகையே போதுமானது. இலேசானது, உள்ளூரில் அறுத்துக் கிடைக்கும், பழுதானால் ஒரு சட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 2 அங்குல அகலச் சட்டங்களை 1 அங்குல இடைவெளி விட்டு ஆணியடிக்க வேண்டும். ஆணித் தலை மேலே துருத்தினால் வலைப்பையைக் கிழிக்கும்.

மழைக்காலத்தில் பறித்த கொழுந்திலிருந்து தண்ணீர் சொட்டும். சட்ட இடைவெளி வழியே அது நேரே இழுப்பறைக்குள் விழுந்து கருவிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகையால் சட்டத் தட்டுக்கு அடியில் துத்தநாகம் பூசிய தகரம் ஒன்றைப் பின்பக்கம் அரை அங்குலம் சரிவாகப் பொருத்தி, பின்விளிம்பைச் சற்று மடித்து வெளியே நீட்டிவிட்டால் தண்ணீர் பின்கதவு வழியே வடிந்துவிடும். இந்தத் தகரத்தைச் சிக்கனம் என்று விட்டுவிட்டவர்கள் பின்னர் இழுப்பறை முழுவதையும் கழற்றி அதைச் சேர்க்க நேரும்.

ஆயத்தக் கடைகளில் விற்கும் குண்டுப் பேரிங் இரயில்கள் வீட்டு அலமாரிக்கு ஏற்றவை. தோட்டத்துச் செம்மண் உள்ளே போனால் அவை சிக்கிக்கொள்ளும். அதிக பாரம் தாங்கும் இரயில்கள் கிடைக்கின்றன. ஆனால் ஒரு ஜோடியின் விலைக்கு இரண்டு இழுப்பறைக்கான பலகையே வாங்கிவிடலாம். இதற்கு மாற்றாக, எந்த மோட்டார் கடையிலும் கிடைக்கும் 6202 எண் பேரிங்குகளை உருளையாகப் பயன்படுத்தலாம். இவற்றின் வெளிவிட்டம் 35 மில்லிமீட்டர், உள்துளை 15 மில்லிமீட்டர். இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். இழுப்பறை ஒவ்வொன்றுக்கும் நான்கு வேண்டும்: இரண்டு சட்டத்தின் வாய்ப்பக்கம் அடியில், இரண்டு இழுப்பறையின் உட்கோடியில். உட்கோடிப் பேரிங் ஓடும் பாதைக்கு மேலேயும் ஓர் ஆங்கிள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுப்பறையை முக்கால் பாகம் இழுத்ததும் அதன் உட்கோடி மேலே தூக்கி, வெளிக்கோடி காலில் விழும். பெட்டியின் இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஈரத்தில் பலகை உப்பும்.

தாழ்ப்பாளில் அசட்டை கூடாது. ஆறடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், 50 கிலோ உள்ள இழுப்பறை 8 கிலோ விசையோடு பின்பக்கம் தானே இழுக்கும். பேரிங்கில் ஓடுவதால் அதைத் தடுக்க உராய்வு ஏதுமில்லை. குழியில் வண்டி குதிக்கும்போது இவ்விசை பல மடங்காகும். அலமாரிக் கதவுக்குப் போடும் காந்தம், குண்டுத் தாழ் எல்லாம் அங்கே நில்லா. ஒவ்வோர் இழுப்பறைக்கும் உட்சென்று பூட்டும் இரும்புத் தாழ்ப்பாள் இரண்டு போட்டு, வண்டியைக் கிளப்புமுன் கையால் இழுத்துப் பார்த்தல் அவசியம். இழுப்பறை முழுவதும் கழன்று வராதிருக்க உள்ளே ஒரு நிறுத்து போல்ட்டும் வேண்டும். மேட்டைப் பார்த்து நிற்கும் வண்டியில் தாழ்ப்பாளை நீக்கினால் இழுப்பறை வயிற்றில் வந்து மோதும். பக்கவாட்டில் நின்று திறக்கப் பழக வேண்டும்.

தரையில் பொருத்துதல்

துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பிரேக் குழாய், எரிபொருள் தொட்டி, மின்கம்பி ஆகியவை எங்கே ஓடுகின்றன என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். மேலிருந்து கண்ணை மூடிக்கொண்டு துளைத்து பிரேக் குழாயைக் கீறிவிட்டால், அது அன்றே தெரியாமல் ஓர் இறக்கத்தில் தெரியவரக்கூடும். கூடியவரை தயாரிப்பாளரே இருக்கை பொருத்தப் போட்டுவைத்த துளைகளைப் பயன்படுத்துவது சிறப்பு. அவை தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களில் அமைந்திருக்கும்.

8 மில்லிமீட்டர் போல்ட், தலையில் 8.8 என்று பொறித்தது, ஆறாவது வேண்டும். அத்தகைய ஒரு போல்ட் 2 டன் இழுவையைத் தாங்கும். ஆனால் அதைப் பிடித்திருக்கும் தரைத் தகடோ ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். மெல்லிய வாஷர் மட்டும் போட்டால் போல்ட் அறுபடாது; தகட்டைக் கிழித்துக்கொண்டு முழுசாக மேலே வரும். எனவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் 3 அங்குலச் சதுரத்தில் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடு கொடுத்து, நைலான் வளையமுள்ள நட்டால் முறுக்க வேண்டும். கிறீச் சத்தம் வராதிருக்கப் பழைய லாரி டியூபை வெட்டிச் சட்டத்துக்கு அடியில் பரப்புவது நல்ல யோசனையே. ஆனால் போல்ட் வரும் இடத்தில் மட்டும் டியூபை வெட்டி எடுத்துவிட வேண்டும். ரப்பரின் மேல் முறுக்கிய போல்ட், ரப்பர் அமுங்க அமுங்கத் தளர்ந்துகொண்டே போகும். துளையின் விளிம்பில் துருத்தடுப்பு வர்ணம் பூசி, சுற்றிலும் அடைப்புப் பசை தடவாவிட்டால் இரண்டு தென்மேற்குப் பருவமழையில் அந்த இடம் பொத்தலாகும்.

அவசரமாகப் பிரேக் போடும்போது சரக்கு தன் எடையில் முக்கால் பங்கு விசையோடு முன்னால் தள்ளுகிறது. நேருக்கு நேர் மோதினால் எடையைப் போல் 20 மடங்கு வரை போகலாம். 2 கிலோ சுத்தியல் அப்போது 40 கிலோ கல்லாகிவிடும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், மேல்தட்டின் முன்விளிம்பிலிருந்து கூரை வரை, பற்றவைத்த கம்பிவலைத் தடுப்பு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தட்டுக்கும் வலைக்கும் செலவு செய்யப் பணம் போதாது என்னும் நிலை வந்தால் இழுப்பறையில் ஒன்றைக் குறைக்கலாம், வலையைக் குறைக்கலாகாது. இழுப்பறையின் மேல்தளத்தில் கொழுந்துப் பையோடு ஆட்களை, குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளை, உட்கார வைத்து ஓட்டுவதும் கூடாது. பிடிக்க ஏதுமில்லாத இடம் அது.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

கவ்வாத்துக் கத்தி, கத்தரி, ஸ்பேனர், கயிறு, சங்கிலி, டார்ச் விளக்கு, முதலுதவிப் பெட்டி, மடித்த வலைப்பைகள் ஆகியன இழுப்பறைக்கு உரியவை. கத்திகளை உறையிட்டு வைக்க வேண்டும். சிறிய மண்வெட்டியும் கைக்கோடரியும் எப்போதும் இருக்கட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, இப்பகுதிப் பாதைகள் மண்சரிவிலும் மரம் விழுந்தும் துண்டுபட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வண்டியில் கோடரி இருப்பவர் சின்ன மரத்தை வெட்டி விலக்கிவிட்டுக் கொழுந்தோடு போய்ச் சேர்வார். கிண்ணக்கொரை போன்ற பாதை முடியும் ஊர்களிலிருந்து வருவோருக்கு இது இன்னும் அவசியம்.

பெட்ரோலை இழுப்பறைக்குள் வைக்கவே கூடாது. கவ்வாத்து இயந்திரத்துக்கும் விசைத் தெளிப்பானுக்கும் வாங்கிய ஒரு லிட்டர்தானே என்று பலர் வைத்துவிடுகின்றனர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய இழுப்பறையின் அடியில் குளம்போல் தேங்கி நிற்கும். இரும்போடு இரும்பு உரசும் ஒரு பொறி போதும். இயந்திரத்தையே அதில் வைப்பதானாலும் தொட்டியைக் காலி செய்துவிட்டு வைக்க வேண்டும்.

மருந்துக்கு ஓர் இழுப்பறையை ஒதுக்கிவிட்டால் போதாதா என்ற எண்ணம் எழலாம். போதாது. அடிக்கடி திறந்து மூடும் பெட்டியில் புட்டி சாயும். கசிவு பேரிங் பாதை வழியே பரவும். அதே கையால் வலைப்பையை எடுப்பார்கள். மருந்தையும் தெளிப்பானையும் கொழுந்து ஏற்றாத நேரத்தில், மூடியுள்ள தனிப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துக் கொண்டுபோய், வேலை முடிந்ததும் தொட்டியோடு இறக்கிவிடுவதே சரியான முறை. அந்தத் தொட்டியை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. உர மூட்டை ஏற்றிய நாளில் சட்டத் தட்டைக் கழுவிக் காயவிட்ட பிறகே கொழுந்து ஏற்ற வேண்டும்.

கொழுந்தை ஏற்றும் முறை

சாக்கும் பாலிதீன் பையும் விலக்கி, நைலான் வலைப்பையிலோ பக்கத்தில் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையிலோ கொழுந்தைத் தளர்வாக நிரப்ப வேண்டும். ஒரு பையில் எவ்வளவு நிரப்பலாம் என்பதற்குச் சுலபமான வழி உண்டு. அமுக்காமல் கொட்டி நிரப்பிய ஒரு பையை எடை போட்டு, அந்த எடையைப் பையில் சுண்ணாம்பால் எழுதிவிட வேண்டும். பறிக்கும் ஆட்கள் அதற்கு மேல் நிரப்பினால் அமுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். இழுப்பறையின் மேலுள்ள சட்டத் தட்டில் ஒரு வரிசை, அதற்கு 18 அங்குலம் மேலே ஆணியால் மாட்டிக் கழற்றும் இரண்டாம் தட்டில் ஒரு வரிசை, ஆக இரண்டு வரிசைதான். பையின் மேல் பை வேண்டாம். தார்ப்பாயை மேலே மட்டும் போட்டு, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். மழை சாய்ந்தடிக்கும்போது முன்பக்கத்தை மட்டும் மூடலாம். இலை ஈரமாவதைவிட வேகுவது கெடுதல் மிகுந்தது.

பறித்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் கொழுந்து தொழிற்சாலையில் இறங்க வேண்டும். தட்டு இருக்கிறதென்று தாமதிப்பதற்கு இடமில்லை. அமுக்கி ஏற்றியபோது ஒரே நடையில் போன கொழுந்து, தளர்வாக ஏற்றும்போது சில நாளில் இரண்டு நடையாகும் என்பதும் உண்மையே. அதிக மகசூல் வரும் மாதங்களில் பக்கத்துத் தோட்டக்காரரோடு முறை வைத்துக்கொண்டு, ஒருவர் வண்டி காலையிலும் மற்றவர் வண்டி மாலையிலும் போகும்படி செய்தால் டீசல் செலவு அவ்வளவாகக் கூடாது. தட்டு போட்ட பின் முதல் பத்து நடைக்கும், இறக்கும் இடத்தில் பையின் நடுவில் கைவிட்டுச் சூடு பார்த்து, சிவந்த இலையைப் பொறுக்கி எடை போட்டு ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். அதே நோட்டில் பழைய முறையில் ஏற்றிய இரண்டு மூன்று நடையின் கணக்கும் இருந்தால், செலவழித்த பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று விவசாயி தானே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகப் பொருத்திய போல்ட்டுகள் முதல் 100 கிலோமீட்டரில் தளரும். அன்று மாலையே ஆறையும் மறுபடி முறுக்கி, நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து வர்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். பின்னர் மாதம் ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது.